மூன்றரை வீட்டுக்கு ஆறரைப் பேர்

வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று யாராவது கேட்டால், என்னிடம் பதினேழு வரியில் ஒரு பட்டியல் இருக்கிறது. அளவுநாடா, வேலைக் கடிதம், கைவிளக்கு, சுடுதண்ணீரின் சூட்டைப் பார்க்க ஒரு வெப்பமானி என்று அது போகும். என்னென்ன கொண்டுபோகக் கூடாது என்ற பட்டியலில் ஒரே ஒரு வரிதான். குடும்பம்.

இந்த இரண்டாவது பட்டியலை நான் பிந்தித்தான் எழுதினேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். ஒரு செயலியைக் கையில் தந்தால் அது எத்தனை விதமாக உடையும் என்று அன்று பின்னேரத்துக்குள் எழுதித் தருவேன். (என் சொந்தத் திட்டங்கள் எத்தனை விதமாக உடையும் என்று எழுத ஏனோ தோன்றவில்லை.) எங்கள் வீடு பியர்பொன்ட்ஸில். அலுவலகம் மொன்றியல் நகரத்தின் நடுவில். ஒரு பஸ், இன்னொரு பஸ், பிறகு மெட்ரோ. போகவும் வரவும் நாளுக்கு மூன்று மணித்தியாலம். பனி கொட்டினால் அதற்கு மேல் எவ்வளவு என்று பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

ஆகவே மெட்ரோவுக்குப் பக்கத்தில், வில்றே பகுதியில், தனியாக ஒரு வீடு எடுக்கப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"பொம்பிளைப் பிள்ளை, எங்களோட இருக்க உனக்கு என்ன குறை?"

"குறை ஒண்டுமில்லை அம்மா. தூரம்தான்."

"தூரமெண்டால் வெள்ளன எழும்பு."

மூன்று வாரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு உடன்படிக்கை ஒன்று வந்தது. பார்ப்பது ஒரே ஒரு வீடு. அதை அம்மாவும் வந்து பார்க்க வேண்டும். சரிவராவிட்டால் இந்தக் கதையை நான் திரும்ப எடுக்கவே கூடாது. அப்பா இதற்குச் சாட்சி. (அப்பா எல்லாவற்றுக்கும் சாட்சி. கருத்து மட்டும் சொல்லமாட்டார்.)

நான் பதறவில்லை. விளம்பரங்களையெல்லாம் ஒரு அட்டவணையில் போட்டேன். வெளிச்சம், சத்தம், யன்னலின் திசை, மெட்ரோவுக்கு எத்தனை அடி. ஒவ்வொன்றுக்கும் புள்ளி. கடைசியில் ஒரு வீடு மற்றவற்றையெல்லாம் மிதித்துக்கொண்டு மேலே வந்தது.

வீட்டுக்காரியின் பெயர் மார்லீன். ஒல்லாந்தில் பிறந்து இளவயதில் இங்கே வந்தவர். கீழ்வீட்டில் தான் இருந்துகொண்டு மேல்வீட்டை வாடகைக்கு விடுகிறார். அவருடைய மின்னஞ்சலை வாசித்தபோது எனக்குக் கிட்டத்தட்டக் கண்ணீர் வந்தது. எல்லாம் இலக்கமிட்டு இருந்தது. ஒன்று, சனிக்கிழமை பத்தரை முதல் பத்தே முக்கால் வரை உங்கள் நேரம். இரண்டு, காலணியைக் கழற்றவும். மூன்று, முன் யன்னலுக்குத் திரை போடுவதை நான் விரும்புவதில்லை. நான்கு, எத்தனை பேர் குடியிருப்பீர்கள் என்று எழுதவும்.

"ஒருவர்" என்று எழுதி அனுப்பினேன். உண்மையைத்தான் எழுதினேன் என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

சனிக்கிழமை காலை நான் கீழே இறங்கி வந்தபோது வீட்டு வாசலில் வான் நின்றது. வானுக்குள் பெரியப்பா, பெரியம்மா, மாமி. பெரியம்மா சேலை கட்டியிருந்தார். கலியாண வீட்டுச் சேலை இல்லை, சாமத்தியச் சடங்கு வீட்டுக்குக் கட்டுகிற தரம்.

"இவை எங்க வருகினம்?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

பதில் பெரியப்பாவிடமிருந்து வந்தது. "என்ன பிள்ளை கதைக்கிறாய்? பொம்பிளை பாக்கப் போறதெண்டால் ரெண்டு பேரோ போறது?"

அந்த ஒரு வசனத்தில் எல்லாம் இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை. எங்கள் ஆட்கள் வீடு பார்க்கப் போகவில்லை. மாப்பிள்ளை பகுதியாகப் போனார்கள். வீடு வெட்கப்பட்டுக்கொண்டு வந்து நிற்கும். நாங்கள் திருப்பித் திருப்பிப் பார்ப்போம், பலகாரம் சாப்பிடுவோம், "வீட்டை போய்க் கதைச்சிட்டுச் சொல்லுறம்" என்று சொல்லிவிட்டு வருவோம். பிறகு ஆறுதலாக ஒரு குறை கண்டுபிடித்து வேண்டாம் என்போம். வேண்டாம் என்று சொல்வதாகத்தான் அம்மா வெள்ளிக்கிழமையே முடிவெடுத்திருந்தார். இதை அவரே பிறகு ஒத்துக்கொண்டார்.

பத்து இருபத்தொன்பதுக்கு நாங்கள் மார்லீன் வீட்டு வாசலில் நின்றோம். நேரத்தில் மட்டும் எங்கள் குடும்பத்தைக் குறை சொல்ல முடியாது. (அப்பா ஒன்பதரைக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார். மிச்ச நேரம் வானுக்குள் தேத்தண்ணி.)

மொன்றியலின் இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் படிக்கட்டு வெளியில். இரும்பில் செய்து, முறுக்கி, தெருப்பக்கமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அம்மா அதை அண்ணாந்து பார்த்தார்.

"படியை வெளியில விட்டிட்டு வீட்டை மட்டும் உள்ள கட்டியிருக்கினம். பனிக்க இதில ஆர் ஏறுறது?"

"நான்தான் அம்மா."

"ஓ, ஏறு. விழுந்து கிட."

மேலே கதவைத் திறந்த மார்லீன் என்னைப் பார்த்துச் சிரித்தார். உயரமான, நேரான பெண்மணி. சிரிப்பு மெல்ல மெல்ல என் தோளுக்குப் பின்னால் நகர்ந்தது. படிக்கட்டின் ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் செருப்புக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஒருவர் என்று எழுதியிருந்தீர்களே?" என்றார் ஆங்கிலத்தில்.

"ஓம், ஒருவர்தான்," என்றேன் நிதானமாக. "இவர்கள் பார்க்க வந்தவர்கள்."

இதற்குள் மாமி தன் கைபேசியை உயர்த்திப் பிடித்தார். வேலைக்குப் போன மாமா அதன் திரைக்குள்ளிருந்து மார்லீனுக்குக் கை கூப்பினார். வீட்டின் திசை பார்ப்பது அவருடைய பொறுப்பு. "அடுப்பு எந்தப் பக்கம் நிக்குது? என்னைக் கொஞ்சம் திருப்பு, திருப்பு..." என்று மாமாவின் குரல் வீட்டுக்குள் எங்களுக்கு முன்னால் போனது.

இந்த நகரத்தில் வீட்டை மூன்றரை, நாலரை என்றுதான் சொல்வார்கள். அறைகளை எண்ணிவிட்டுக் குளியலறைக்கு அரை போடுவது இங்கத்தைய வழக்கம். இது மூன்றரை வீடு. பெரியம்மா ஒவ்வொரு கதவாகத் திறந்து எண்ணிக்கொண்டு வந்தார்.

"மூண்டு சரி. அந்த அரை எங்க?"

"பாத்ரூம்தான் பெரியம்மா."

"பாத்ரூமை அரையெண்டு போட்டால் அதுக்க போற ஆளை என்னெண்டு கணக்குப் போடுறது?"

நல்ல கேள்விதான். நான் விளங்கப்படுத்தத் தொடங்கிய அந்த இடத்தில்தான் பெரியப்பாவைக் கண்காணிப்பிலிருந்து தவறவிட்டேன். பெரியப்பா முப்பது வருடம் மாடிக் கட்டடம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்தவர். அவருடைய கொள்கைப்படி, தண்ணீர் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதைத் தவிர வீட்டில் பார்க்க வேறொன்றும் இல்லை. குளியல் தொட்டியின் அடைப்பானைப் போட்டார். இரண்டு குழாயையும் முழுதாகத் திறந்தார். தொட்டி நிரம்பும்வரை இருந்து பார்த்திருப்பார். ஆனால் பெரியம்மா வீட்டிலிருந்து சுட்டுக் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியைக் குசினிக்குள் திறந்துவிட்டார்.

முன்னறையில் வேறு பிரச்சினை. தெருவைப் பார்த்தபடி சுவரளவு யன்னல். திரை இல்லை. திரை போடக் கம்பியும் இல்லை. அம்மா அதன் முன்னால் நின்று, எதிர்வீட்டு மனிதர் நாயோடு போவதையும் அவர் அம்மாவைப் பார்ப்பதையும் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, கடை யன்னல் மாதிரி!"

என் முகத்தைப் பார்த்தே மார்லீனுக்கு விளங்கிவிட்டது. "எங்கள் ஊரில் திரை போடமாட்டோம். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?" என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஒளிக்க ஒண்டுமில்லைத்தான்," என்றார் அம்மா. "காட்டவும் ஒண்டுமில்லையெண்டு சொல்லு."

நான் சொல்லவில்லை. வெளிச்சம் பிடித்திருக்கிறதாம் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் பிழையான மொழிபெயர்ப்பு அது.

ஆனால் மாமிக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. மாமி குழந்தைகள் காப்பகத்தில், இங்கே சொல்வதுபோல் கார்டெறியில், வேலை செய்கிறார். குடும்பத்திலேயே சுத்தமான பிரெஞ்சு அவருடையதுதான். மார்லீன் அவரிடம் மிக மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஒருவர்தான் இருப்பார், சரி. ஞாயிற்றுக்கிழமைகளில்?"

மாமிக்கு முகம் மலர்ந்தது. இவ்வளவு அக்கறையாக யாரும் அவரிடம் கேட்டதில்லை. "ஞாயிறு நாங்கள் எல்லாரும் வருவம்," என்றார் தெளிவான பிரெஞ்சில். "சமைக்க அல்லோ வேணும். கிழமை நாளில அவளின்ர அம்மா வருவா. கதவுப் பூட்டின்ர திறப்பு ஒண்டும் பிரச்சினையில்லை, ஒரு வீட்டுக்கு ஒண்டு வெட்டிக் குடுப்பம்."

எனக்கு ஒரு செயலி கண்ணுக்கு முன்னால் நின்றுபோகும்போது வரும் அமைதி வந்தது. அலறிப் பயனில்லை, எழுதிக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்போது பத்தே முக்கால். அடுத்ததாக வீடு பார்க்க வேண்டியவர், தாடி வைத்த ஒரு மெலிந்த இளைஞர், படியில் கிடந்த செருப்புகளுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடித் தேடி மேலே வந்து சேர்ந்தார். பெரியம்மா அவருக்கு ரோல்ஸ் நீட்டினார். அவர் ஒன்று சாப்பிட்டு இரண்டாவதையும் எடுத்தார். பெரியம்மா மார்லீனுக்கும் நீட்டினார். மார்லீன் ஒன்று எடுத்து, பாதியாக வெட்டி, பாதியைத் திரும்ப வைத்தார்.

"அவவுக்கு இதிலயும் அரைக் கணக்குத்தான்," என்றார் பெரியம்மா.

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் கீழ்வீட்டிலிருந்து ஏதோ சொட்டும் சத்தம் கேட்டது.

பழைய வீடு. தொட்டி நிரம்பினால் மேல் ஓட்டையால் தண்ணீர் பாதுகாப்பாகக் குழாய்க்குள் போக வேண்டும். அந்த ஓட்டைக்குப் பின்னால் இருந்த இணைப்பு எப்போதோ விட்டுப்போயிருக்கிறது. எத்தனையோ காலமாக ஒருவரும் பரிசோதிக்காத பாதை அது. என் தொழிலில் இப்படி ஒன்றைக் கண்டுபிடிப்பவரைப் பாராட்டுவோம். பெரியப்பாவை ஒருவரும் பாராட்டவில்லை.

கீழே ஓடினோம். மார்லீனின் சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே கூரையில் ஒரு பழுப்பு வட்டம். மேசையில் நீளமாக ஒரு தாள். அன்று வீடு பார்க்க வருபவர்களின் பெயர்கள், கோடு போட்டு, இலக்கமிட்டு. என் பெயருக்கு நேரே மட்டும் மை கரைந்து ஓடியிருந்தது.

அப்பா தன் ஜாக்கெட்டைக் கழற்றி மேசையைத் துடைத்தார். தாடிக்கார இளைஞர் எங்கிருந்தோ வாளி கொண்டுவந்தார். பெரியப்பா கூரையை அண்ணாந்து பார்த்து, "நல்ல காலம், இப்பவே கண்டுபிடிச்சம்," என்றார்.

புறப்படும்போது அம்மா மார்லீனின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "வீட்டை போய்க் கதைச்சிட்டுச் சொல்லுறமெண்டு சொல்லு."

சொன்னேன். மார்லீன் என்னைப் பார்த்த பார்வையை எந்த அட்டவணையிலும் போட முடியாது.

அன்று பின்னேரமே பதில் வந்தது. ஒன்று, நேரத்துக்கு வந்தீர்கள், நன்றி. இரண்டு, ஒருவர் என்று எழுதினீர்கள், ஆறரைப் பேர் வந்தீர்கள். (மாமாவுக்கு அரை போட்டிருந்தார். திரையில் வருபவருக்கு அதுதான் நியாயம்.) மூன்று, கூரையை என் காப்புறுதி பார்த்துக்கொள்ளும். நான்கு, அந்தச் சுருள் பலகாரம் மிகவும் நன்றாக இருந்தது. ஐந்து, வீட்டைப் பத்தே முக்காலுக்கு வந்தவருக்குக் கொடுத்துவிட்டேன்.

இந்த ஊரில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூலை முதலாம் திகதி மாறும். அந்த நாளைத் தவறவிட்டால் நல்ல வீட்டுக்கு இன்னொரு வருடம். உடன்படிக்கையின்படி எனக்கு அந்த இன்னொரு வருடமும் கிடையாது. என் அட்டவணையை மூடினேன். வீட்டுக்கு நான் போட்ட புள்ளிகள் அதில் அப்படியே இருந்தன. வீடு எனக்குப் போடும் புள்ளிக்கு ஒரு நிரல்கூட நான் வைத்திருக்கவில்லை. மாப்பிள்ளை பகுதி அவர்கள், நான் இல்லை என்று இவ்வளவு நேரம் சொன்னேன். நானும்தான்.

அந்த மின்னஞ்சலைக் குசினிக்குள் வைத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சரியம்மா, நீங்கள் வெண்டிட்டியள். இனி இந்தக் கதை எடுக்கமாட்டன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"தரமாட்டாவாமோ?"

"ஓம்."

"எங்களுக்கோ?"

"ஓம் அம்மா."

"நாங்களல்லோ வேண்டாமெண்டு சொல்லவேணும்! அவ ஆர் முந்திச் சொல்லுறதுக்கு? என்ர பிள்ளைக்கு என்ன குறை? படிச்ச பிள்ளை. உத்தியோகம் இருக்கு. அவவின்ர ஓட்டைத் தொட்டிக்கு இந்தப் பிள்ளை காணாதோ?"

மூன்று வாரம் வாதாடி என்னால் செய்ய முடியாததை மார்லீனின் ஐந்தாவது இலக்கம் செய்தது. அடுத்த நாளிலிருந்து அம்மா வீடு தேடினார். மாமியின் கார்டெறிக்கு வரும் தாய்மாரை விசாரித்தார். கோவிலில் விசாரித்தார். பன்னிரண்டாம் நாள், அதே வில்றேயில், இரண்டு தெரு தள்ளி ஒரு மூன்றரை வீடு. நானும் அம்மாவும் மட்டும் மேலே போனோம். மற்றவர்களோடு வானை மூலைக்கு அப்பால் அம்மா நிறுத்தி வைத்திருந்தார். வீட்டுக்காரர், வயதான ஒரு போர்த்துக்கேயர், பிடித்திருக்கிறதா என்று கேட்டார்.

"பாப்பம்," என்றார் அம்மா.

"ஓம், எடுக்கிறோமாம்," என்று மொழிபெயர்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஒப்பந்தம் இரண்டு தரம் தானாகவே புதுப்பித்துக்கொண்டது. ஞாயிறு தோறும் எல்லோரும் வருவார்கள். பெரியப்பா குழாய்களைத் திறந்து பார்ப்பார். (அடைப்பானை நான் சனிக்கிழமை இரவே கழற்றி ஒளித்துவிடுவேன்.) மாமா இப்போது முழு ஆளாக வந்து திசை பார்க்கிறார். சாப்பிட்டு, படுத்தெழும்பி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் பின்னேரம் படியில் செருப்புப் போடும்போது, யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "என்ன, வீடு பிடிச்சிருக்கோ?"

அம்மா ஒரு தரமும் சிரித்ததில்லை. கதவையும் நிலையையும் மேலும் கீழும் ஒருமுறை பார்ப்பார்.

"அவசரப்படாதேங்கோ. வீட்டை போய்க் கதைச்சிட்டுச் சொல்லுறம்."