ஹெண்டர்சன் துரையின் கட்டுரை

என் ஆராய்ச்சிக்கு எட்டு வயது நிறைந்த அன்று, இனி சனிக்கிழமைகளை முழுக்க அதற்கே கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். எங்கள் கல்லூரி நூலகத்தில் அந்த வாரம்தான் ஏசி போட்டிருந்தார்கள்.

ஏசி எனக்கல்ல, கம்ப்யூட்டருக்கு. வருஷம் 1997. கோயமுத்தூர் வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தால் ஊட்டி. உலகத்தில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல் அங்கே சி.டி.களில் இருந்தது. ஒரு சொல்லைத் தட்டிவிட்டால் அது பாட்டுக்குத் தேடும். நாம் சும்மா இருக்கலாம். நான் வரலாற்று விரிவுரையாளன். சும்மா இருப்பதில் இருபது வருஷ அனுபவம் உண்டு.

என் தலைப்பு, 'அந்தியூர்ச் சந்தையில் குதிரை வணிகம்'. மூன்று அத்தியாயங்களை அரைகுறையாக எழுதியிருந்தேன். நான்காவது எங்கே என்று என் வழிகாட்டி வரதராஜுலு கேட்டபோது வாய் தானாக ஒரு பொய் சொன்னது. 1911இல் ஹெண்டர்சன் என்றொரு வெள்ளைக்காரர், அந்தியூருக்குக் குதிரைகள் வந்த வழித்தடங்களைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார், அது கிடைக்காமல் மேலே நகர முடியாது என்றேன். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. வரதராஜுலு நம்பினார். என் மனைவி பாவாத்தாளிடமும் அதையே சொன்னேன். அவளும் நம்பினாள் என்றுதான் நினைத்தேன்.

பிறக்காத ஹெண்டர்சன் சனிக்கிழமைதோறும் வந்தார். நீலத் திரையைப் பார்த்தபடியே இருந்தால் அது மெல்ல ஆறாகிவிடும். கொடுமுடிப் பக்கத்துக் காவிரி. மேலே மெல்லிய பனி. அவர் வெள்ளைக் குதிரையில், குளம்பு நனையாமல் தண்ணீர்மேல் வருவார். தொப்பியைக் கழற்றி, சௌக்கியமுங்களா என்பார். எனக்கும் ஒரு குதிரை இருக்கும். இருவரும் பேசாமல் போய்க்கொண்டிருப்போம். கரையில் வாழைத் தோப்புகள் தூக்கத்தில் நடப்பதுபோல் பின்னால் நகரும். அங்கே என்னை யாரும் எந்த அத்தியாயமும் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து நீட்டினார். கையை நீட்டினேன். என் கையில் டிபன் பாக்ஸ் இருந்தது. எதிரே பாவாத்தாள்.

"சார் குதிரையைத் தேடுகிறார் என்று நினைத்தேன், குறட்டைதான் வந்தது" என்று நூலகர் ஜன்னத் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பாவாத்தாள் கோபிக்கவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எப்படித் தேடுவது என்று ஜன்னத்திடம் கேட்டாள்.

அதன்பின் ஆறு சனிக்கிழமைகள் அவளும் வந்தாள். கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். நான் ஒரு விரலால் ஓர் எழுத்தைத் தேடுவதற்குள் அவள் ஒரு கண்டத்தைத் தேடி முடித்தாள். ஹெண்டர்சனின் பெயரை ஏழு விதமான எழுத்துக்கூட்டலில் தட்டினாள். அந்தியூரை ஒன்பது விதமாகத் தட்டினாள். ஜன்னத்தின் உதவியோடு சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் ஈமெயில் அனுப்பினாள். எல்லா இடத்திலிருந்தும் இல்லை என்று பதில் வந்தது. ஒவ்வொன்றையும் பிரின்ட் எடுத்து ஃபைலில் கோத்தாள். ஹெண்டர்சனைப் பற்றி எனக்கு யார் சொன்னார்கள் என்று மட்டும் அவள் கேட்கவேயில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆனி மாசம் ஒரு சாயங்காலம் காப்பியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நல்லாத் தேடிப்போட்டேனுங்க. ஹெண்டர்சன் கெடக்கட்டும். அந்தக் குதிரைத் தடத்தைப் பத்தி உலகத்துல ஒருத்தருமே எழுதலீங்க."

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். "அப்படியா அம்மணி? அப்ப நாலாவது அத்தியாயம் அவ்வளவுதான்."

"அதெப்படீங்க? ஒருத்தரும் எழுதலைன்னா நீங்கதானுங்களே எழுதோணும்? ஃபைலை உங்க வரதராஜுலு சார்கிட்டக் காட்டினேன். ஆராய்ச்சின்னா இதுதாம்மான்னு ஒரே சந்தோசமுங்க அவருக்கு. ஆடிச் சந்தைக்கு அந்தியூர் போறோம். குதிரைக்காரங்களையே கேட்டுப்போடலாம். புரட்டாசியில கருத்தரங்கு. உங்க பேரைக் குடுத்துட்டேன்."

ஹெண்டர்சன் இல்லை என்றால் நான் பொய்யன். இருக்கிறார் என்றால் எங்கே என்று கேட்பாள். காப்பியைக் குடித்தேன்.

ஆடியில் அந்தியூரில் மூன்று நாள், புழுதியில், நோட்டும் கையுமாகக் குதிரைகளுக்குப் பின்னால் நடந்தேன். பாவாத்தாள் கேள்வி கேட்டாள். நான் எழுதிக்கொண்டேன். பாட்டன் காலத்து வழிகளை ஊர் ஊராகச் சொன்னார்கள். ஒரு கிழவர், தாத்தாவுடன் மலைப்பாதை வழியாகக் குதிரை ஓட்டி வந்ததைச் சொன்னபோது எனக்கே தூக்கம் கலைந்தது. என்னை மறந்து இரண்டு கேள்வி கேட்டுவிட்டேன். பாவாத்தாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கருத்தரங்கு நெருங்குகிறது; இப்போது தினமும் எழுதுகிறேன். ஆய்வேட்டில் இதுவரை முழுசாக முடிந்திருப்பது, 'என் அன்பு மனைவிக்கு' என்று தொடங்கும் ஒன்றரைப் பக்க நன்றியுரை மட்டும்தான். அதை அவளே எழுதி டைப் அடித்துவிட்டாள்.