சூசைரட்ணம் சுமந்த இரண்டு இறாத்தல் தேயிலை

மலையேறித் திரும்பிய ஆண்கள் சொல்லும் கதைகளில் ஐவி வரமாட்டாள். அட்டைகள் வரும். மூடுபனி வரும். முழங்காலில் பட்ட சிராய்ப்பு ஒவ்வொரு தடவையும் அரை அங்குலம் வளர்ந்து வரும். நாற்பத்தெட்டு ரொட்டி சுட்டு, மூன்று பைகளையும் தன் கையால் கட்டி, மழையில் நின்று வழியனுப்பியவளுக்கு மட்டும் அந்தக் கதைகளில் இடம் கிடைக்காது. ஆகையால் அவளை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஐவி, வயது இருபத்தாறு. நோர்வூட்டுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தின் சின்னக் கிளாக்கர் சூசைரட்ணத்துக்கு மனைவி. இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு பெண் குழந்தைக்கு ஒரு பகல்பொழுது மட்டும் தாய்.

அந்தக் குழந்தை ஆடி மாத மழையில் பிறந்தது. மருத்துவச்சி அன்று இரண்டு தோட்டங்களுக்கு அப்பால் வேறொரு பிரசவத்தில் இருந்தாள். அவள் வந்து சேர்ந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சுக் குறைந்தது. ஐவி ஒரே ஒரு விஷயத்தைத்தான் விடாமல் பேசினாள். ராகலைப் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய மிஷன் ஆசுபத்திரியில் பெண்களுக்கு ஒன்றரை வருடம் மருத்துவச்சிப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் அவள் சேரவேண்டும்.

சூசைரட்ணம் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவன் எதையும் மாட்டேன் என்று சொல்கிற ஆளில்லை. ஆனால் அந்தத் தோட்டத்திலிருந்து போகிற கடிதமும் வருகிற கடிதமும் ஒரே தபால் பையில்தான் போய்வந்தன. அந்தப் பையின் சாவி அவன் இடுப்பில் இருந்தது. ஐவி மூன்று முறை விண்ணப்பம் எழுதினாள். மூன்றும் ஆபீஸில் அவனுடைய மேசையின் அடி இழுப்பறையைத் தாண்டவில்லை. அவற்றை அவன் கிழிக்கவில்லை. கிழிப்பது பாவம், அனுப்பாமலிருப்பது வெறும் தாமதம் என்று அவனுடைய மனச்சாட்சி அவனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது.

"ராகலையிலேருந்து பதில் வந்துச்சாங்க?" என்று ஐவி கேட்பாள்.

"மிஷன்காரங்க மெதுவாத்தான் எழுதுவாங்க."

"மூணு மாசமாவா?"

"ஜெபம் பண்ணவே அவங்களுக்கு நேரம் போதாது, ஐவி."

இதற்கு மேலும் அவனுக்கு ஓர் அரண் இருந்தது. மணமான பெண்ணென்றால் அவளுடைய கணவன் நேரில் வந்து சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும் என்பது அந்த ஆசுபத்திரியின் விதி. தான் போகப்போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே அவன் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

1952 செப்டெம்பரில் அவன் ஒரு மகத்தான தீர்மானத்துக்கு வந்தான். நான்கு நாள் மலையில் நடப்பது. முதுகில் பை, கையில் தடி. பொகவந்தலாவை வழியாகக் காட்டுக்குள் ஏறி, ஹோட்டன் சமவெளியைக் கடந்து, நுவரெலியாவில் இறங்குவது. கூட வருகிறவர்கள் இருவர். ஒருவன் தொழிற்சாலையில் டீமேக்கர் சிறில். நல்லவன், வாயை மூடத் தெரியாதவன். மற்றவர் தோட்டத்து மருந்துக்காரர் முத்துலிங்கம். வாயைத் திறக்க விரும்பாதவர்.

"எதுக்குங்க மலைக்கு?" என்றாள் ஐவி.

"மனுசனுக்கு மனசு விசாலமாகணும்."

"மலையிலதானே வீடு இருக்கு."

"இது வேலை செய்யிற மலை. அது பார்க்கிற மலை."

ஐவி கொஞ்சநேரம் அடுப்பைப் பார்த்தாள். "நுவரெலியாவில தங்குறதுக்கு எடம்?"

"பார்த்துக்கலாம்."

"இன்னும் கொஞ்சம் தள்ளி ராகலைக்குப் போயிடுங்களேன். அந்த ஆசுபத்திரியை நடத்துற மதர் என்னைப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவங்க. விருந்தாளி அறை இருக்கு. சுடுதண்ணி, கோழிக் குழம்பு, மெத்தை. நான் ஒரு கடுதாசி தர்றேன்."

சூசைரட்ணம் ஒரு கணம் தயங்கினான். பிறகு நியாயமாக யோசித்தான். விண்ணப்பமே போய்ச் சேராத இடத்தில் சம்மதம் கேட்கப்போவது யார்? ஆனாலும் அவள் தந்த கடிதத்தை மறுநாள் ஆபீஸில் கொதிக்கும் கேத்தலின் ஆவியில் காட்டிப் பிரித்துப் பார்த்தான். எட்டு வரிகள் இருந்தன. கணவர் களைத்து வருவார், கால் கழுவச் சுடுநீர் கொடுக்கவும், அவருக்குக் குளிர் ஆகாது. ஒன்பதாவது வரியைத் தேடினான், இல்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்தான், வெறும் தாள். அவள் ஆசையை விட்டுவிட்டாள் என்று அவனுக்குப் புரிந்தது. கண் கலங்கியது. உறையைப் பசை தடவி ஒட்டினான்.

புறப்படுவதற்கு முதல்நாள் ஐவி சின்னத் தகர டின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன இது?"

"மதரைப் பார்க்க வெறுங்கையோடயா போவீங்க? நமக்குக் குடுத்த தூள்லேருந்து ரெண்டு இறாத்தல்."

"வழியெல்லாம் காவல்காரன் நிப்பான். தேயிலைத் திருடன்னு புடிப்பான்."

"தூளை வெளிய விடுற துண்டு எழுதுற கிளாக்கரே நீங்கதானே. அரக்கு ஊத்தி ஆபீஸ் சீலையும் குத்திட்டா எவன் தொறப்பான்?"

அது அவனுக்குப் பிடித்திருந்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து துண்டில்லாமல் ஒரு கைப்பிடித் தூள்கூட வெளியேற முடியாது. அப்படி வெளியேற விடுகிற அதிகாரம் அந்த மாவட்டம் முழுவதிலும் சின்னக் கிளாக்கர்களுக்கே உரியது என்பது அவனுடைய அபிப்பிராயம். துண்டு எழுதினான். மூடியைச் சுற்றி அரக்கு ஊற்றி மூன்று இடத்தில் முத்திரை குத்தினான். தேயிலை நாட்டில் தேயிலை டின்னை யார் திறந்து பார்ப்பார்கள்? ஐவியின் நாலாவது விண்ணப்பமும், பள்ளிச் சான்றிதழும், ஞானஸ்நானப் பத்திரமும் அந்தத் தூளுக்கு நடுவில் எண்ணெய்த் தாளில் சுற்றிக் கிடந்தன.

முதல்நாளே மழை பிடித்துக்கொண்டது. பொகவந்தலாவைக்கு மேலேயுள்ள கடைசித் தோட்டத்தின் எல்லையில் காவல்காரர் வீரய்யா குறுக்கே நின்றார்.

"எங்க போறீங்க?"

"மலைக்கு."

"மலையில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. பார்க்கப் போறோம்."

"ஒண்ணுமில்லாததைப் பார்க்கவா லீவு போட்டீங்க?" வீரய்யா பைகளைத் தடவிப் பார்த்தார். "டின்னுல என்ன?"

"தேயிலை. துண்டு இருக்கு."

"தொறங்க."

"தொறக்க முடியாது. சீல் வச்சிருக்கு."

"யாரு வச்சது?"

"நான்தான்."

"நீங்க வச்ச சீலை நீங்க தொறக்கக் கூடாதா?"

"வச்சவனே தொறந்தா அப்புறம் சீலுக்கு என்ன மரியாதை?"

"சூசை, தொறந்து காட்டிரு. குளிருது," என்றான் சிறில்.

"நீ சும்மா இரு. இது ஆபீஸ் விஷயம்."

அரைமணி நேரம் நனைந்தபடி அவன் அந்த முத்திரையின் கௌரவத்துக்காக வாதாடினான். வாழ்நாளில் ஐவிக்காக அவன் அவ்வளவு நேரம் யாரிடமும் பேசியதில்லை. இறுதியில் வீரய்யாவுக்குத்தான் சலித்தது.

இரண்டாம் நாள் காடு. பாதை என்று சொல்லப்பட்டது ஓர் ஓடை. அட்டைகள் சப்பாத்துத் துளை வழியாக ஏறின. மூவரும் பேசுவதை நிறுத்தி மூச்சு விடுவதில் கவனம் செலுத்தினார்கள். ஒரு பாறையில் சூசைரட்ணம் சறுக்கினான்; பை கழன்று, டின் உருண்டு ஓடையில் விழுந்து மிதந்தது.

"போகட்டும் விடு," என்றான் சிறில். "ரெண்டு இறாத்தல் தூளுக்கா உயிரை விடுவ? நான் தினம் ரெண்டாயிரம் இறாத்தல் அரைக்கிறவன் சொல்றேன்."

"முத்திரை வச்ச சாமான்," என்று சொல்லிக்கொண்டே சூசைரட்ணம் இடுப்பளவு நீரில் இறங்கினான். முழங்கால் சிராய்ந்தது அங்கேதான். டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தான். அரக்கு ஒரு சொட்டு நீரையும் உள்ளே விடவில்லை. வேலையைச் சுத்தமாகச் செய்கிறவன் என்று அவனுக்குப் பெயர் உண்டு.

மூன்றாம் நாள் அவர்கள் சமவெளியில் நின்றார்கள். பார்ப்பதற்கு வந்தவர்களுக்குப் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. பனி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தது. நனைந்த ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த முத்துலிங்கம், மூன்று நாளில் முதல் முறையாக, யாரும் கேட்காமலே பேசினார்.

"அன்னைக்கு உங்க வீட்டில நான்தானே நின்னேன், சூசை."

சூசைரட்ணம் சப்பாத்தை அவிழ்த்து ஓர் அட்டையைப் பிடுங்கினான்.

"எனக்கு மருந்து கலக்கத் தெரியும். காய்ச்சலுக்கு, வயித்துப் போக்குக்கு. மூச்சுத் திணறுற புள்ளைக்கு என்ன செய்யணும்னு தெரியாது. உங்க வீட்டம்மா என் மொகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க." அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "தெரிஞ்ச ஒரு பொம்பள அங்க இருந்திருந்தா போதும்."

சூசைரட்ணம் அழவில்லை என்றுதான் பின்னாளில் சிறில் சொன்னான். பனியில் எல்லோருடைய முகமும் நனைந்திருந்ததால் அதை நிச்சயமாகச் சொல்வதற்கில்லை. திரும்பிப் போனதும் இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தையாவது எடுத்துத் தபாலில் போட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் அந்த இடத்தில் அவனுக்கு உண்மையாகவே உதித்தது. பட்டிப்பொல ஸ்டேஷன் வரை அது உயிரோடிருந்தது. அங்கே சூடான தேநீர் கிடைத்தது.

நாலாம் நாள் நுவரெலியா வரை நடந்தார்கள். அங்கிருந்து பஸ் ஏறினார்கள். ஆசுபத்திரிக்கு அரை மைல் தூரத்தில் இறங்கி மறுபடி பைகளை மாட்டிக்கொண்டார்கள்.

மதர் அயர்லாந்துக்காரர், தமிழை வேதப் புத்தகத்திலிருந்து கற்றவர். ஐவி சொன்னபடியே சுடுநீர் வந்தது, கோழிக் குழம்பு வந்தது. மறுநாள் காலை மூவரும் வராந்தாவில் வெயிலுக்குக் காத்திருந்தபோது அவர் டின்னைத் திறந்து, எண்ணெய்த் தாளைப் பிரித்து, உள்ளே இருந்ததை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நீர் இந்த மழையிலே நாலு நாள் நடந்தா வந்தீர்?"

"ஆமா மதர். நடந்துதான்."

"உம்முடைய மனைவியின் விண்ணப்பத்தை நீரே முதுகில் சுமந்து, முத்திரை போட்டுப் பத்திரமாய்க் கொண்டுவந்தீர். இப்படிப்பட்ட புருஷனை நான் கண்டதில்லை."

சூசைரட்ணத்துக்கு முழங்கால் வலித்தது.

"முன்னே மூன்று கடிதம் எழுதினாளாம். ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் தோட்டத்திலே தபால் பார்க்கிறவர் யார்?"

"இவருதான் மதர்," என்றான் சிறில், நண்பனைப் பெருமைப்படுத்தும் ஆவலில்.

முத்துலிங்கம் மெதுவாகத் தலையைத் திருப்பிச் சூசைரட்ணத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையிலிருந்து அவனால் தப்ப முடியவில்லை. மதரும் பார்த்தார். அவன் முன்னே இரண்டு ஆட்கள் இருந்தார்கள்: கடிதம் திருடிய கிளாக்கர் ஒருவன், மனைவிக்காக மலை கடந்த உத்தமன் ஒருவன். இரண்டில் ஒருவனாக எழுந்து போகவேண்டும்.

"பேனா இருக்கா மதர்?" என்றான்.

இரண்டு நாள் கழித்து அவன் வீட்டுக்கு வந்தபோது ஐவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"மெத்தை நல்லா இருந்துச்சாங்க?"

"நீ என்னை ஏமாத்திட்ட, ஐவி."

"நீங்க மூணு தடவை," என்றாள் அவள், நீரை வடித்தபடி. "நான் ஒரே ஒரு தடவை."

ஜனவரியில் ஐவி ராகலைக்குப் போனாள். ஒன்றரை வருடத்தில் பயிற்சியை முடித்தாள். அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் மருத்துவச்சியாக வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருடம் கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு நோர்வூட்டுக்கு வந்தாள், பிறகு வரவில்லை. அவளுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. தோட்டத்து மக்கள் குடிமக்களாவதற்குத் தனியே கொடுக்கவேண்டியிருந்த பிரஜாவுரிமை மனுக்களில் சூசைரட்ணத்தினுடையது 1957இல் தள்ளுபடியானது. மனைவி என்று அதில் சேர்க்கப்பட்டிருந்ததால் ஐவியினுடையதும் அதோடு போயிற்று. எந்த நாட்டுக்கும் உரியவளல்லாத அவள் 1965இலும் அதே தோட்டத்தில், ஒற்றை அறை வீட்டில் இருந்து வேலை பார்த்துவந்தாள். கணவனை வேண்டாம் என்று அவள் ஒருபோதும் சொல்லவில்லை. அவனிடம் திரும்பிப் போகவுமில்லை.