என் மனைவி முனகிய மெட்டு

உலகில் எந்த மெட்டும் சொந்த மெட்டு அல்ல என்பது என் கொள்கை. எதை எடுத்தாலும் அதற்கு முன்னால் ஒன்று இருக்கும். அதைப் பிடிக்க இணையத்தில் ஒரு களஞ்சியம் உண்டு. எது மூலப்பாட்டு, எது அதைத் திருப்பிப் பாடியது என்று ஊர் உலகமே எழுதிப் போடும். சரிபார்த்து ஒப்புதல் தருபவர்களில் அடியேன் எபினேசரும் ஒருவன். ராயபுரத்தில் வேறு யாருக்கும் இந்தக் கௌரவம் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் என் மனைவி தங்கபுஷ்பம் காசிமேட்டு நெத்திலியைத் தட்டில் கொட்டினாள். கூடவே ஏதோ முனகினாள்.

"எங்கேயோ கேட்ட மெட்டா இருக்கே."

"கேட்டிருக்க மாட்ட. நானே போட்டது. கிறிஸ்துமஸுக்குக் கோயில்ல பாடப் போறோம்."

"யாரும் எதையும் சொந்தமா போடறதில்ல, புஷ்பம்."

"இன்னா பந்தயம்?"

"நீயே சொல்லு."

"இதுக்கு மூலம் கீதுன்னு காட்டு. உன் ஆராய்ச்சியப் பத்தி இனிமே வாயே தொறக்க மாட்டேன். தோத்தா ஞாயித்துக்கெயம மீன் ஆயறது நீதான். ஆயுசுக்கும்."

நெத்திலியை ஆய்ந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் தலையைத் தனியாகக் கிள்ள வேண்டும். ஒரு கிலோவில் எத்தனை தலை என்பதை ஆண்டவர் மட்டுமே அறிவார்.

கைபேசியை நீட்டினேன். முனகினாள். களஞ்சியத்தில் தேடினேன். சிக்கியது. ஐம்பதுகளில் இஸ்தான்புல்லில் வெளிவந்த கல்யாணப் பாட்டு. பாடகி பெயர், இசைத்தட்டின் கரகரப்போடு ஒரு ஒலித்துண்டு, எல்லாம் இருந்தன. அதே மெட்டு.

"இந்தா, உன் சொந்த மெட்டு. துருக்கியிலேர்ந்து வந்திருக்கு."

அவள் தலைகளைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். "கரகரன்னு கேக்குதே, அது இன்னா?"

"பழைய இசைத்தட்டுன்னா அப்படித்தான்."

"அது கடுகு, மாமா. போன வாரம் சாம்பாருக்குத் தாளிச்சிக்கினே பாடி, துருக்கிப் பாட்டுன்னு நான்தான் அதுல ஏத்துனேன். ஓகே பண்ணது ஆருன்னு பாரு."

பார்த்தேன். அடியேன்தான். 'இந்தக் கரகரப்பே காலத்துக்குச் சாட்சி' என்று குறிப்பு வேறு எழுதியிருந்தேன்.

சத்தமில்லாமல் நீக்கிவிடலாம் என்று பக்கத்தைத் திறந்தால், போலந்துக்காரர் ஒருவர் முந்திக்கொண்டிருந்தார். இது மூலமே அல்லவாம். இதற்கும் மூத்தது கிரேக்கத்தில் இருக்கிறதாம். அவர் ஏற்றியிருந்த ஒலித்துண்டில் கரகரப்பு இன்னும் பலமாகக் கேட்டது.

"பாத்தியா, என் கொள்கை தோக்கல" என்றேன்.

தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"அவரு வூட்லயும் பொண்டாட்டி தாளிச்சிருப்பா. நீ மீன ஆயு."