ரமாவின் மெடிக்கலுக்கு நான் குறித்த திகதி

டூட்டிங், லண்டன்
28 சனவரி 1995, சனிக்கிழமை

கனடா தேசத்திலே, ஸ்காபரோவிலே, பதினேழாம் மாடியிலே மேகங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரராய் வாழும் மருமகன் பாலேந்திரா அவர்களுக்கு, டூட்டிங்கின் தரைமட்டத்திலிருந்து மாமா பத்மநாதன் ஆசி கூறி எழுதுவது. இங்கே நான் சுகம், மாமி கனகாம்பிகை என்னைவிடச் சுகம், உமது மனைவி ரமா எங்கள் இருவரையும் கூட்டிப் பெருக்கினால் வருவதைவிடச் சுகம். அங்கே உமக்கும் உமது லிஃப்டுக்கும் சுகம் என்றே நம்புகிறேன்.

உமது கடிதம் கிடைத்தது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறீர், ஆனால் பேனாவை அழுத்தின அழுத்தில் ‘மெடிக்கல்’ என்ற சொல் வந்த ஏழு இடத்திலும் தாளில் ஓட்டை விழுந்திருக்கிறது. “கலியாணம் முடிஞ்சு ஒன்றரை வருஷம் மாமா. நான் கட்டின மனுசியோடை இருந்தது மொத்தம் முப்பத்தொரு நாள். சித்திரை வருஷத்துக்கு முதல் ரமா இஞ்சை வராட்டி வேலையை விட்டிட்டு வந்து உங்கடை வாசலிலை படுப்பன்” என்று எழுதியிருந்தீர். நியாயம். அதை வாசித்தபோது ரமா சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெங்காயம் உரித்தேன் என்றாள், அன்றைக்குக் கறி என்னவோ தக்காளிதான். ஆகவே உமது கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன்: கனடா விசாவுக்கான மெடிக்கல் முடிந்தது. அதுவும் எப்படி முடிந்தது என்று அறிந்தால், அந்தப் பதினேழாம் மாடியிலிருந்து மாமாவுக்காக ஒரு பூமாலையைக் கீழே எறிவீர்.

முதலாவது மெடிக்கலில் நான் சற்று முந்திவிட்டேன் என்று அங்கே ஒரு கதை உலாவுவதாகக் கேள்வி. அது பொய்யல்ல, ஆனால் அநியாயம். கலியாணம் முடிந்து நீர் விமானம் ஏறின மூன்றாம் நாளே நான் ரமாவைத் தயார்ப்படுத்தத் தொடங்கிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் ஒருவரும் எதிலும் மட்டமாகப் பாஸ் பண்ணியது கிடையாது. என் தமக்கையின் மகள் கனடாக்காரர் முன்னால் சும்மா பாஸ் பண்ணினால் போதுமா? விடிய முருங்கையிலைச் சாறு, மத்தியானம் நல்லெண்ணெயில் பொரித்த முட்டை, பின்னேரம் மூச்சுப் பயிற்சி. கண் டொக்டரின் கடையில் நின்று அந்த எழுத்துப் பலகையைப் பார்த்து எழுதிவந்து, தலைகீழாகச் சொல்லும்வரை பாடமாக்குவித்தேன். “மாமா, எனக்குக் கண் நல்லாத் தெரியுது, ஏன் பாடமாக்கோணும்?” என்றாள். “தெரியிற பிள்ளையள்தான் பாடமாக்கோணும், தெரியாததுகள் எப்பிடியும் பெயில்தானே” என்றேன். பாடமாக்கினாள்.

பக்கத்து வீட்டுச் சூசைதாசனை உமக்குத் தெரியும். டூட்டிங் தொடக்கம் ஸ்ட்ரெதம் வரைக்கும் தமிழருடைய விசாப் படிவங்களையெல்லாம் நிரப்பிக் கொடுக்கிற மனிதர். அவர் கனடாக்காரரின் பட்டியலில் இருந்த ஒரு டொக்டரைப் பிடித்துத் தந்தார். ரமா போனாள், வென்றாள். நெஞ்சு எக்ஸ்ரேயின் இன்னொரு பிரதியை டொக்டரிடம் மன்றாடி வாங்கிவந்து முன் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். வெயில் பட்டதும், தேவலோகத்து யாழ் ஒன்று மாட்டியிருப்பதுபோல விலா எலும்புகள் மின்னின. தென் லண்டனில் அதைவிடத் துப்பரவான நெஞ்சு கிடையாது. தெருவால் போன தபால்காரன்கூட நின்று பார்த்தான். சூசைதாசன் மட்டும் வந்து, “அண்ணை, இது என்ன மீன் முள்ளு?” என்று கேட்டார். இரண்டு கிழமை அவரோடு நான் கதைக்கவில்லை.

பேந்துதான் விஷயம் வெளித்தது. அந்த மெடிக்கல் எடுத்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம்தான் செல்லுமாம். அதற்குள் விசாவும் வந்து, ஆளும் கனடாவில் போய் இறங்கிவிட வேண்டுமாம். நான் மெடிக்கலை முடித்தது ஓகஸ்டில். உமக்கோ நிரந்தர வேலைக் கடிதம் கிடைத்து, நீர் ஸ்பொன்சர் படிவத்தைத் தபாலில் போட்டது அடுத்த மார்ச்சில். கோப்பு வரிசையில் நின்று முன்னுக்கு வர, மெடிக்கல் காலாவதியாகி மூன்று மாதம். யோசித்துப் பாரும்: பதினாறு வருஷமாகக் கவுன்சிலில் கார் நிறுத்துகிற பெர்மிட் கொடுப்பவன் நான். டூட்டிங்கில் எந்தக் காரின் பெர்மிட் எந்த நாளில் உயிரை விடும் என்று எமனுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவன். ஒரு நாள் பிந்தி வந்த பாதிரியாரைக்கூடத் திருப்பி அனுப்பியவன். என் கையாலேயே ஒரு மெடிக்கல் காலாவதியானது! மூன்று நாள் சோறு இறங்கவில்லை. புட்டு மட்டும்தான் இறங்கியது.

ஆனால் விழுந்த இடத்திலேயே படுத்துக்கிடக்கிற வம்சமா இது? நவம்பர் 29ஆம் திகதியிட்டுக் கனடாக்காரரிடமிருந்து கடிதம் வந்தது: அறுபது நாளுக்குள் புதிய மெடிக்கல் எடுக்கவும். நீர் தீபாவளிக்கு வந்து இரண்டு கிழமை நின்றுவிட்டுப் போன சூடு ஆறமுன்னம் வந்த கடிதம். ரமா அடுத்த நாளே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். “மாமா, இண்டைக்கே போவமே?” “பொறு பிள்ளை, இண்டைக்குப் போனால் பன்னிரண்டு மாதம் இண்டைக்கே ஓடத் தொடங்கும். விசா வரமுன்னம் எத்தனை நாள் வீணாய்ப் போகும் சொல்லு?” “அப்ப எப்ப மாமா?” “ஐம்பத்தொன்பதாம் நாள்.” “அறுபதாம் நாள் ஏன் விடுறியள்?” என்று மாமி குசினிக்குள் இருந்து கேட்டா. அந்தக் குரலில் இருந்தது பாராட்டு அல்ல என்பது எனக்குத் தெரியும். “அறுபதாம் நாள் சனிக்கிழமை, டொக்டர் இருக்கமாட்டார்” என்றேன். பாரும், எவ்வளவு நுணுக்கம்! முந்தினது பிழை என்றால் பிந்துவதுதானே திருத்தம்? கடிதத்தை என் பெர்மிட் கோப்புக்குள் வைத்துப் பூட்டினேன். வாரத்துக்கு ஒருமுறை ரமா கேட்டாள், நான் மாதக் கலண்டரைக் காட்டினேன். தை பிறந்ததிலிருந்து கேட்பதையும் விட்டுவிட்டாள். சாறு குடித்ததும் குமட்டிச் சத்தி வருகிறது என்றாள். முருங்கையிலை உள்ளே போய்ப் பழைய கழிவெல்லாம் வெளியேற்றுகிறது என்று விளக்கினேன். மாமி என்னை ஒரு பார்வை பார்த்தா. என் வைத்திய அறிவை மெச்சுகிற பார்வை என்று எடுத்துக்கொண்டேன்.

இனி நேற்றைய வெற்றியைக் கேளும். நோர்தேண் லைனில் பிள்ளைக்கு இடம் பிடிக்க இரண்டு வெள்ளைக்காரரையும் ஒரு பாகவதர் போன்ற தாடிக்காரரையும் எழுப்பினேன். டொக்டரிடம் போனோம். இவர் புது டொக்டர், சுவரெல்லாம் பட்டம். நிறை பார்த்தார்கள், கண் பார்த்தார்கள் (பலகையில் எழுத்தை மாற்றிவிட்டார்கள், துரோகிகள், இருந்தும் எல்லாம் சொல்லிவிட்டாள்), இரத்தம் எடுத்தார்கள். கடைசியாக எக்ஸ்ரே அறை வாசல். தாதி ஒரு தாளை நீட்டி ரமாவிடம் ஏதோ கேட்டாள். ரமா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் காதுக்குள் ஏதோ சொன்னாள். தாதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே ஓடினாள். டொக்டரே எழும்பி வெளியே வந்தார். வந்து யாருக்குக் கை கொடுத்தார் என்கிறீர்? எனக்கு! “கொங்கிராஜுலேஷன்ஸ்! உங்களுக்கு மிகவும் பெருமையாக இருக்கும்” என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். “பின்னே, ஏழு வருஷமாக நான்தானே சாப்பாடு போடுகிறேன்” என்றேன். மனிதர் சிரித்துக்கொண்டு எக்ஸ்ரே தாளில் ஒரு கோடு இழுத்துவிட்டார். எடுக்கவே இல்லை! அப்படியே விட்டுவிட்டார்! கனடா சரித்திரத்தில் ஒரு பெண்ணை வெறும் கண்ணால் பார்த்தே நெஞ்சு சுத்தம் என்று எக்ஸ்ரே இல்லாமல் விட்டது இதுதான் முதல் தடவையாக இருக்கும். “ஓகஸ்டுக்குப் பிறகு சந்திப்போம்” என்று வேறு சொன்னார். விடைபெறும்போது வெள்ளைக்காரர் சொல்கிற மரியாதை. நானும் விடாமல், ஓகஸ்டில் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள், கணவாய்க் கறி வைப்போம் என்று அழைத்துவிட்டு வந்தேன். ரமா வழி முழுக்க ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். பாவம், பிள்ளைக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆகவே மருமகனே, கணக்கு இப்படி: ஐந்து கிழமையில் விசா, ஏப்ரல் எட்டாம் திகதி ரமா ரொறன்ரோவில். வருஷப்பிறப்புக்கு ஆறு நாள் மிச்சம். விமான டிக்கெற்றுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். வழியனுப்பு விழாவுக்கு மண்டபமும் நூற்றைம்பது பேருக்கு இடியப்பமும் ஒழுங்கு செய்தாயிற்று. நீர் நல்ல மெத்தை ஒன்று வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு விமான நிலையத்தில் வந்து நிற்பதே மிச்சம்.

நீங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ், ஒரே நாட்டில், ஒரே நேர வலயத்தில் நீடூழி வாழ நல்லூரான் துணை நிற்பானாக. அவன் கொஞ்சம் அசந்தாலும் மாமா நிற்பேன்.

இப்படிக்கு,
தோல்வியறியாத மாமா,
பத்மநாதன்

பி.கு: கடிதத்தை ஒட்டமுன்னம் மாமி வாங்கி வாசித்தா. வாசித்து முடித்துக் கதிரையில் இருந்து, “உங்கடை மூளையின்ரை பெர்மிட் எப்ப முடிஞ்சது?” என்று கேட்டா. “ஏனப்பா?” “வயித்திலை பிள்ளை இருக்கேக்கை எக்ஸ்ரே எடுக்கிறேல்லை. அந்த மனுசன் உங்களுக்குக் கை தந்தது நீங்கள் சாப்பாடு போட்டதுக்கோ?”

தம்பி, மேலே எழுதின விமானம், மண்டபம், இடியப்பம் எல்லாவற்றையும் வெட்டிவிடும். எக்ஸ்ரே இல்லாமல் மெடிக்கல் முடியாது. பிள்ளை பிறக்கும்வரை எக்ஸ்ரே கிடையாது. பிறந்தால் அதற்கும் சேர்த்து இரண்டு மெடிக்கல். ரமா புதன்கிழமைதான் நிச்சயமாக அறிந்தாளாம். நாளைக்கு ஞாயிறு, நீர் ரெலிபோன் எடுக்கும்போது முதலில் உமக்குத்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாளாம். இந்தக் கடிதம் உம்மிடம் வரும்போது உமக்குத் தெரிந்து ஒரு கிழமையாகியிருக்கும். மாமிக்குத் தெரியும், தாதிக்குத் தெரியும், எப்படியோ சூசைதாசனுக்கும் தெரியும். லண்டனில் கடைசியாக அறிந்தவன் திகதி பார்க்கிற நான்.

பெரிய பிழை செய்துவிட்டேன், டிசம்பரிலேயே போயிருந்தால் நீ ஏப்ரலில் அவரோடு இருந்திருப்பாய் என்று ரமாவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து, “டிசம்பர் முதல் கிழமை போயிருந்தால் எனக்கே தெரியாமல் எக்ஸ்ரே எடுத்திருப்பினம் மாமா. நீங்கள் இழுத்ததுதான் நல்லது” என்றாள். கேட்டீரா? இழுத்தது நல்லதாம்! ஐம்பத்தொன்பதாம் நாள் என்று குறித்த இந்த மாமாவின் நுணுக்கத்தை இனியாவது மதியும். ஓகஸ்டில் லீவு எடுத்துக்கொண்டு நீரே இங்கே வாரும். பிள்ளையை முதலில் தூக்க வேண்டியவர் நீர். நான் இரண்டாவது, அதை இப்போதே பதிந்து வைக்கிறேன்.

டொக்டர்மார் பிரசவத்துக்குக் குறித்திருப்பது ஓகஸ்ட் முதலாம் திகதி, செவ்வாய்க்கிழமை. இந்த விஷயத்தில் இனி நான் வாயே திறக்கக்கூடாது என்று மாமி சொல்லிவிட்டா. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாலாம் திகதி வெள்ளிக்கிழமை, அதைப்போல ஒரு நாள் அந்த மாதத்திலேயே கிடையாது. ரமாவிடம் மெல்லச் சொல்லி வையும்.