சங்கிலிப்பாண்டிக்குச் சம்சாரம் இல்லை

"சம்சாரமா? சம்சாரம் இல்லீங்களே!"

குளியலறையில் தலை நிறையச் சோப்பு நுரையோடு நின்ற சங்கிலிப்பாண்டியின் காதில் அக்காவின் குரல் விழுந்தது. வெளியே அவனுடைய போனை எடுத்துப் பேச்சியம்மாள் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"போயிட்டுங்க. ஆமா, கொரோனா சமயத்துலதான். எப்படிப் போச்சா? எந்நேரமும் தொண்டை கிழியக் கத்துனான். ஒருநா சுத்தமாப் போயிட்டு. திரும்பி வருமான்னு தெரியலீங்க. அவனும் ஒரு முயற்சியும் எடுக்கலை."

அவன் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"யாருக்கா போன்ல?"

"கொரோனா உதவித்தொகைக்கு எழுதிப் போட்டேல்லா, அந்த ஆபீசு. உன்கூட ஒண்ணு சம்சாரிக்கணும்னாரு. சம்சாரம் இல்லைன்னு உள்ளதைச் சொன்னேன்."

நுரை கண்ணுக்குள் இறங்கியது.

"யக்கா! இங்க சம்சாரம்னா பேச்சு. எனக்குப் பேச்சே போயிட்டுன்னு சொல்லி வச்சிருக்கே!"

"கடையத்துல சம்சாரம்னா பொண்டாட்டிதாம்லே."

"மலையாளம் தெரியாம எதுக்குப் போனை எடுத்தே?"

"அடிச்சுது. எடுத்தேன்."

சங்கிலிப்பாண்டியின் தொழிலே பேச்சுதான். ஆட்டோவின் மேல் கூம்பு ஸ்பீக்கர் கட்டி, லாட்டரிக் குலுக்கல், ஜவுளித் தள்ளுபடி, உற்சவம், காணாமல் போன ஆடு என்று எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் அறிவிப்பான். கொச்சி மட்டாஞ்சேரியில் அவன் முகம் தெரியாதவர்களுக்கும் குரல் தெரியும்.

கொரோனா வந்ததும் அறிவிக்க ஒன்றும் இல்லாமல் போனது. கட்டிலுக்கு அடியில் கிடந்த ஆம்ப்ளிஃபயரின் ஒயரை எலி தின்றது. குரல் மட்டும் சும்மா இருக்கவில்லை. அவன் வீட்டுக்குள்ளேயே அறிவிக்க ஆரம்பித்தான்.

"ரசத்தில் உப்புக் குறைவாக உள்ளது. சம்பந்தப்பட்டவர் உடனடியாகக் கூடத்துக்கு வரவும்."

அவன் மனைவி செல்வலட்சுமி எட்டு மாதம் பொறுத்தாள். பிறகு சுள்ளிக்கல்லில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பதிலாகச் சமைத்துப் போட இரண்டு வாரத்துக்கு என்று கடையத்திலிருந்து வந்த பேச்சியம்மாள், பத்து மாதமாக இருக்கிறாள்.

இப்போது ஊரெல்லாம் திறந்துவிட்டது. பத்து நாளில் கோயில் உற்சவம். அறிவிப்பு வேலையை அவனுக்குத் தருவதாகக் கமிட்டி செயலாளர் சொல்லியிருந்தார். ஆனால் ஆம்ப்ளிஃபயர் வேலை செய்ய வேண்டும். இல்லையென்றால் பதிவு செய்த குரலைப் பென்டிரைவில் போட்டு ஓட்டும் ஆள் ஒருவன் தயாராக இருந்தான்.

"பென்டிரைவ் சாயா கேட்காது, பாண்டி" என்றார் செயலாளர்.

உதவித்தொகை வந்தால்தான் ஆம்ப்ளிஃபயர். ஆம்ப்ளிஃபயர் இருந்தால்தான் வேலை.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும்போதே அவன் போய் நின்றான். அதிகாரி ராசப்பன் இரட்டை மாஸ்க் போட்டிருந்தார். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். எது எங்கே முடிகிறது என்று அவருக்கே தெரியாது.

"சார், நான் சங்கிலிப்பாண்டி."

ராசப்பன் ஃபைலைப் பார்த்தார். "சங்கிலிப்பாண்டிக்கு சம்சாரம் இல்லல்லோ."

"இப்பப் பேசிட்டு இருக்கிறது யாரு சார்?"

"அதுதன்னே ஞானும் கேக்கறது. நிங்கள் ஆரு?"

அவன் ஆதாரைக் காட்டி, மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கினான். ராசப்பன் படத்தையும் முகத்தையும் பார்த்தார்.

"இந்த ஃபோட்டோ ஆரெப்போலவும் இல்லா."

வேறு வழி தெரியவில்லை. சங்கிலிப்பாண்டி ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு தொழில் குரலை எடுத்தான்.

"மான்ய மகாஜனங்களே! ஒரு அறிவிப்பு!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வரிசையில் நின்ற பதினேழு பேரும் யாருக்கோ பாசிட்டிவ் என்று நினைத்து வெளியே ஓடினார்கள். காவலாளி கேட்டைப் பூட்டினார். ஒருவர் ஓடுகிற ஓட்டத்தில் சானிடைசர் பாட்டிலைத் தட்டிவிட, அது ராசப்பனின் ஃபைல்கள் மேல் கவிழ்ந்தது.

ராசப்பன் ஃபைலைத் துடைத்தார்.

"சம்சாரம் திரும்பி வந்நு. சந்தோஷம். வந்நதினு டாக்டர் சர்டிஃபிகேட் வேணும்."

டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். குரல் எப்போது போனது என்று கேட்டார். போகவே இல்லை என்றான் இவன். போகாதது வந்துவிட்டது என்று எப்படி எழுதுவது என்று டாக்டர் யோசித்தார். கடைசியில் 'தொண்டை இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"தொண்டை எனிக்கும் உண்டு" என்றார் ராசப்பன். "இது சம்சாரத்தினு ப்ரூஃப் அல்லா."

உற்சவத்துக்கு ஐந்து நாள் இருந்தது. சங்கிலிப்பாண்டி அக்காவை அழைத்துக்கொண்டு போனான். சொன்ன வாயாலேயே திருத்திச் சொல்லட்டும் என்று நினைத்தான்.

"நீ வேற எதுவும் பேசாதே. சம்சாரம்னா பொண்டாட்டி. அதை மட்டும் சொல்லு."

பேச்சியம்மாள் ராசப்பனைக் கும்பிட்டாள். "அய்யா, நான் போயிட்டுன்னு சொன்னது இவன் பேச்சை இல்லீங்க. இவன் பொண்டாட்டியை."

"ஓ! அப்போ பேச்சு உண்டு?"

"தேவைக்கு மேலயே உண்டு."

சங்கிலிப்பாண்டிக்கு மூச்சு வந்தது. ராசப்பன் பேனாவை எடுத்தார். எடுத்தவர் நிறுத்தினார்.

"நில்லு. அப்ளிகேஷன்ல பார்ய கூடவே ஒரே வீட்டில் தாமசம்னு எழுதியிருக்கல்லோ? குடும்பத்தில் ரெண்டு பேர். பேர் செல்வலட்சுமி. போயெங்கில் இது கள்ளமல்லே?"

"அவ சும்மா அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கா சார்."

"பத்து மாசமாங்க" என்றாள் பேச்சியம்மாள்.

"யக்கா!"

"உள்ளதைத்தானே சொல்லணும்னே?"

ராசப்பன் இரண்டு விரல்களைத் தூக்கிக் காட்டினார். ஒன்றை மடக்கினார். "பேச்சு உண்டெங்கில் பார்ய இல்லா." அதை நிமிர்த்தி மற்றதை மடக்கினார். "பார்ய உண்டெங்கில் பேச்சு இல்லா. ரெண்டும் ஒரே நாள் இவிடெ வரணும். அப்போ பைசா."

வெளியே வந்ததும் பேச்சியம்மாள் சொன்னாள். "சுள்ளிக்கல் ஒண்ணும் சிங்கப்பூர் இல்லைலே."

போவதற்குள் இன்னும் இரண்டு நாள் ஓடிவிட்டது. தெருமுனையில் நின்று மெதுவாகப் பேசிப் பழகினான். "செல்வி" என்று கிசுகிசுத்தான். எதிரே வந்த மீன்காரர் நின்று, "எந்தா?" என்றார்.

செல்வலட்சுமி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"மெதுவாத்தானே வந்தேன். எப்படித் தெரிஞ்சுது?"

"முக்குக் கடையில 'சுகந்தானா'ன்னு யாரையோ கேட்டீங்கல்ல? இங்க எல்லாரும் சுகம்னு பதில் சொல்லியாச்சு."

அவன் நடந்ததைச் சொன்னான். முடிந்த வரை மெதுவாகச் சொன்னான். நடுநடுவே ஒலி ஏறியது. அவள் கையால் இறக்கச் சொன்னாள்.

"ஆக, பணத்துக்காக வந்திருக்கீங்க."

அறிவிப்பில் இதற்கெல்லாம் வாசகம் கிடையாது.

அவள் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "ஆபீசுக்கு மட்டும் வர்றேன். ஆனா வேலை முடியற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை வந்தாலும் இப்படியே திரும்பிடுவேன்."

அவன் தலையாட்டினான்.

சுள்ளிக்கல்லில் இருந்து நடந்தே வந்தார்கள். அவள் பேசிக்கொண்டே வந்தாள். தையல் வேலைக்குப் போவதைச் சொன்னாள். மாஸ்க் தைத்துத் தைத்துக் கனவில் காது வருவதைச் சொன்னாள். மாசியில் தனக்குக் கொரோனா வந்து பதினைந்து நாள் ஓர் அறையில் தனியாகக் கிடந்ததைச் சொன்னாள்.

அவன் திடுக்கிட்டு வாயைத் திறந்தான். அவள் நின்றாள். அவன் மூடிக்கொண்டான்.

"சொன்னா ஊருக்கே அறிவிப்பீங்கன்னுதான் சொல்லலை" என்றாள் அவள். கொஞ்ச தூரம் போன பிறகு, "உங்களுக்குச் சொல்லணும்னுதான் இருந்துச்சு" என்றாள்.

அவளுக்கு இவ்வளவு பேச இருந்தது என்பது அவனுக்குத் தெரியாது. இதற்கு முன் அவன் இடைவெளி விட்டதில்லை.

அலுவலகத்தில் பேச்சியம்மாள் ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ராசப்பன் செல்வலட்சுமியின் ஆதாரைப் பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்தார்.

"பார்ய ஓக்கே. இனி ஆள் பேர் பறயணும்."

"சங்கிலிப்பாண்டி" என்றாள் செல்வலட்சுமி.

"நிங்களல்லா. ஆள் பறயணும். ஒரு வாக்கு போதும்."

சங்கிலிப்பாண்டி மனைவியைப் பார்த்தான். அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே வார்த்தை. ஆம்ப்ளிஃபயர், உற்சவம், அடுத்த வருட வேலை எல்லாம் அதில் இருந்தது. வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது. இருபது வருடத்தில் அங்கே வந்து எதுவும் நின்றதில்லை.

அவன் தொண்டையில் கை வைத்தான். இல்லை என்று தலையை ஆட்டினான்.

"நிச்சயமா? பைசா கிட்டாது, கேட்டோ" என்றார் ராசப்பன்.

அவன் மறுபடியும் தலையை ஆட்டினான்.

செல்வலட்சுமி கதவைப் பார்ப்பதை விட்டாள். மேஜை அருகே வந்தாள்.

"எழுதிக்குங்க சார். இவருக்குச் சம்சாரம் இருக்கு."

"எந்த சம்சாரம்?"

"நான்தான்."

ராசப்பன் மாஸ்க்கைச் சரிசெய்வது போல முகத்தை மறைத்துக்கொண்டார். சாயா கொண்டுவந்த உதவியாளர் சுமா, மேஜைமேல் இருந்த ஃபைலைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"இது சார் போன் செய்த அன்னு தன்னே பாஸாயதல்லே சாரே? 'பார்ய திரும்பி வந்ந பின்னே பைசா கொடுத்தால் போதும்'னு இந்த பேச்சியம்மா சேச்சி நல்ல பச்சை மலையாளத்துல திருப்பிப் போன் செய்து பறஞ்ஞது மறந்நோ?"