ஐயோ சார் போட்ட லினக்ஸ்

திருவண்ணாமலையில் பயத்துக்கென்று தனி ஆபீஸ் திறந்தால், மேனேஜர் நாற்காலியில் ஐயோ சாரைத்தான் உட்காரவைக்க வேண்டும். எங்கள் தெருக்காரர். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு டைப் அடிப்பவர். வாயைத் திறந்தாலே 'ஐயோ சார்'தான். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் கேமராவின் மேல் விபூதிப் பொட்டலம் ஒட்டிவைத்திருப்பார்.

ஒருநாள் என் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்து முகம் வெளுத்துப்போனார்.

"ஐயோ சார், இந்த விண்டோஸுக்கு இனிமே அப்டேட் வராதாம். எவனாவது உள்ள பூந்துடுவான். இத எடுத்துட்டு லினக்ஸ் போட்டுடலாங்க."

"இதுல என் சம்சாரம் டைப் பண்ணி வெச்சது இருக்கு. அது போச்சுன்னா?"

மல்லிகா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். கடைசி மாதங்களில் தினமும் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். திறந்து படிக்க எனக்குத் துணிவு வரவேயில்லை.

ஐயோ சார் அதை மூன்று பென் டிரைவில் காப்பி எடுத்தார். ஒன்று சாமி அலமாரிக்கு, ஒன்று அரிசி டிரம்முக்கு, ஒன்று அவர் இடுப்புக்கு. 'பழையதை எல்லாம் அழிக்கலாமா?' என்று திரை கேட்டதும் மவுஸைப் போட்டுவிட்டுக் கிரிவலம் கிளம்பிவிட்டார். பதினாலு கிலோமீட்டரும் நடந்து, நொண்டிக்கொண்டு வந்து, கண்ணை மூடிக்கொண்டு 'ஆமாம்' என்பதை அழுத்தினார்.

லினக்ஸ் வந்தது. பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க, பென் டிரைவில் இருந்த மல்லிகாவின் ஃபைலைத் திறந்தேன். தமிழே இல்லை. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அவளை நானே அழித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஐயோ சார் குனிந்து பார்த்தார். "பழைய தமிழ் ஃபாண்ட்டுங்க, இங்கிலீஷ் கீய அடிச்சா தமிழ் எழுத்தாக் காட்டும். அது விண்டோஸோட போயிடுச்சு. அவங்க அடிச்ச கீ மட்டும் அப்படியே இருக்கு."

"ஃபாண்ட் நெட்ல கெடைக்காதா?"

"கெடைக்கும். எவன் போட்டதோ, பயமா இருக்குங்க."

வெறும் மேஜைமேல் இரண்டு கையையும் வைத்தார். திரையில் இருந்த எழுத்துகளைப் பார்த்து, கீபோர்டில் டைப் அடிப்பதுபோல ஒவ்வொன்றாக மேஜையில் தட்டினார். தட்டத் தட்ட வாயில் தமிழ் வந்தது.

"'ரசத்துல பெருங்காயம் ஜாஸ்தி இருந்தாதான் இவருக்கு எறங்கும். வாயத் தொறந்து கேக்க மாட்டாரு...'"

அடுத்த வரியில் விரல் நின்றுவிட்டது.

"இது உங்களுக்குன்னே எழுதியிருக்காங்க சார். நான் படிக்கக் கூடாது. கையக் குடுங்க, எந்தக் கீ எந்த எழுத்துன்னு சொல்லித் தரேன். நீங்களே படிங்க."

என் விரல்களைப் பிடித்து ஒவ்வொரு கீயின் மேலும் வைத்தார். திரைப் பக்கம் திரும்பாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.