வலது கண்ணுக்கு மேலே ஓர் அம்புக்குறி

என் கண்ணில் ஒருத்தனையும் கத்தி வைக்க விடுவதில்லை என்று அறுபத்தெட்டு வயதில் ஒரு சபதம் எடுத்தேன். எடுத்த அன்றைக்கே தோட்டத்தில் குருவி விரட்ட நட்டிருந்த வெருளியை அயலவன் குகதாசன் என்று நினைத்து, கால் மணித்தியாலம் வெங்காய விலை கதைத்தேன். வெருளி மறுமொழி சொல்லவில்லை. வேலிக்கு அங்காலே நின்ற என் மனிசி செல்வநாயகிதான் சொன்னாள்.

"நாளைக்கு ஆசுப்பத்திரி."

டொக்டர் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரையாம். வலது முற்றிவிட்டது, உடனே ஒப்பரேசன் செய்யவேணும். இடது கொஞ்சந்தான், அதைப் பிறகு செய்யலாம் என்றார். அந்தப் 'பிறகு' என் வாழ்நாளில் வராது என்று மனதுக்குள் முடிவுகட்டினேன்.

செய்கிற நாளும் வந்தது. ஒரு சம்மதப் படிவம் தந்தார்கள். ஊருக்கெல்லாம் ஒரே அச்சு. பேருக்கு ஒரு கோடு, கண்ணுக்கு ஒரு கோடு, மிச்சமெல்லாம் பயம். மனிசி வாசித்தாள்.

"எதிர்பாராத விளைவுகள் ஏற்படின்..."

"ஏற்படின்?"

"ஏற்படாது. வையுங்கோ."

கையெழுத்து வைக்கிற இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி. செல்வநாயகி பக்கத்தில் நிற்கும்போது வைக்காமல் விட நான் என்ன வீரனா? வைத்தேன். நடுக்கத்தில் 'பஞ்சலிங்கம்' பாதியில் கோட்டைவிட்டு இறங்கி ஓடியது.

பிறகு தாதி நிவேதனா வந்து, என் வலது புருவத்துக்கு மேலே நீல மையால் ஓர் அம்பு கீறினா.

"உது என்ன பிள்ளை?"

"இந்தக் கண் எண்டு டொக்டருக்கு அடையாளம் ஐயா. அழிச்சுப் போடாதேங்கோ."

வழியை அவவே சொல்லித் தந்துவிட்டா! அம்பு இல்லாவிட்டால் எந்தக் கண் என்று டொக்டர் முழிப்பார். வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மனிசி தேத்தண்ணி வாங்கப் போனதும் சால்வையை நனைத்து உரஞ்சினேன். பாதிதான் போனது. மடியில் கீரிமலைத் திருநீறு இருந்தது. நெற்றி தொடங்கிப் புருவம் வரைக்கும் அள்ளிப் பூசிக்கொண்டு, சிவனே என்று இருந்தேன்.

செல்வநாயகி வந்தாள். என் நெற்றியைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஏசினால் மழை, பேசாமல் இருந்தால் புயல்.

பக்கத்துக் கதிரையில் தாயோடு வந்திருந்த உதயகலாவிடம் கதை கொடுத்தாள்.

"கேட்டியளே தங்கச்சி, அம்பு இல்லாட்டி ரண்டு கண்ணையும் ஒரேயடியாச் செய்துபோடுவினமாம்."

"மெய்யே அக்கா?"

"பின்னை? எது எண்டு தெரியாட்டி அதுகள் என்ன செய்யிறது? ரண்டையும் கட்டிவிட்டால், கிணத்தடிக்கும் மனிசிதான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகோணும்."

நான் மனிசியின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன்.

"இஞ்சரும், உது உண்மையே?"

"உங்களுக்கென்ன பயம்? உங்களுக்குத்தான் அம்பு இருக்கே."

திருநீற்றை வழித்தெறிந்தேன்.

"பிள்ளை! நிவேதனாப் பிள்ளை! ஓடியாரும்! வலது! வலதுதான்! பெரிசாக் கீறும்!"

"ஐயா, ஒரு அம்பு காணும், போதும்."

"காணாது! ரண்டு கீறும்!"

"அம்பை மட்டும் நம்பேலாது," என்றாள் செல்வநாயகி. "இண்டைக்கு இடதைத் தொடப்படாது எண்டு எழுத்திலையும் குடுத்தால் நல்லம்."

"கொண்டாரும் கெதியா!"

மேசைக்குப் போய் ஒரு படிவத்தோடு வந்தாள். அதே அச்சு, அதே கோடு, அதே புள்ளடி. உள்ளேயிருந்து என் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வாசிக்க ஏது நேரம்? அடித்துப் பிடித்து வைத்தேன்.

உள்ளே நோகவில்லை. கத்தியும் தெரியவில்லை. அடுத்தநாள் கட்டு அவிழ்த்தார்கள். சுவரில் ஊர்ந்த எறும்பைக்கூட எண்ணலாம் போல இருந்தது. செல்வநாயகியின் வாயோரத்தில் ஒரு சிரிப்பு. கனகாலமாக அது அங்கேயே இருந்திருக்கவேணும், எனக்குத்தான் தெரியவில்லை.

"இப்ப வடிவாத் தெரியுதே?"

"ஓம்."

"அப்ப இதை வாசியுங்கோ."

இரண்டாவது படிவம். கோடுகளை அவள்தான் நிரப்பியிருந்தாள். கண்: இடது. திகதி: வருகிற மாதம் பதினெட்டு.

அடியில் என் கையெழுத்து, என்னுடையது இல்லையென்று சொல்ல முடியாத அளவுக்கு வடிவாக இருந்தது.